கோழியைக் கழுவிச் சமைக்கலாமா? – விவாத இழை

8 ஜூன் 2025, ஞாயிறு காலை. ஓசூர் வாசகர் ஒருவரின் கேள்வி

கறிக்கோழியைக் கழுவவே கூடாது, கழுவினால்தான் கிருமி பரவும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். வீட்டில் சொன்னதும் சண்டை. "கழுவாத கறியை நான் கையாலயும் தொட மாட்டேன்" என்கிறார் அம்மா. கடையில் வெட்டித் தரும் கறியில் ரத்தமும் இறகும் எலும்புத் தூளும் ஒட்டியிருக்கின்றன. அதை அப்படியே சட்டியில் போடச் சொல்கிறார்களா? இதெல்லாம் நம் ஊருக்குப் பொருந்துமா?

8 ஜூன், இரவு

காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். என் மாமனார் ஆட்டுக்கறிக் கடை வைத்திருந்தவர். நான் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்தவள். கறியோடும் பெரிய பாத்திரங்களோடும் நிறையப் புழங்கியிருக்கிறேன்.

வீடியோவில் சொன்னது உண்மை. பச்சைக் கோழியில் சால்மோனெல்லா, கேம்பைலோபேக்டர் போன்ற கிருமிகள் இருக்கலாம். குழாயைத் திறந்துவிட்டு அதன் கீழே கறியைப் பிடித்தால் தண்ணீர் தெறித்துக் கிருமி சிங்க்கிலும் மேடையிலும் பக்கத்தில் கவிழ்த்து வைத்த தட்டிலும் போய் உட்காரும். கறியில் மிஞ்சியதை அடுப்பு பார்த்துக்கொள்ளும். கோழிக்கறியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால் இந்தக் கிருமிகள் செத்துவிடும். நம் குழம்பு கொதிப்பது 100-க்குப் பக்கத்தில். தட்டில் தெறித்தது அப்படியேதான் இருக்கும், அதை யார் வேகவைக்கிறார்கள்? பிரிட்டனின் உணவுத் தர முகமை 2014-லேயே கோழியைக் கழுவாதீர்கள் என்று பிரசாரம் செய்தது இதனால்தான்.

அமெரிக்க வேளாண் துறையும் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று 2019-ல் வெளிவந்தது. ஆட்களைக் கூட்டி வந்து கோழியும் சாலடும் செய்யச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். கோழியைக் கழுவியவர்களில் 60 சதவீதம் பேரின் சிங்க்கில் கிருமி இருந்தது. சிங்க்கைத் தேய்த்துவிட்ட பிறகும் 14 சதவீதம் பேருக்குப் போகவில்லை. 26 சதவீதம் பேரின் சாலடுக் கீரைக்குக் கோழிக் கிருமி போய்ச் சேர்ந்திருந்தது.

இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள் வீடியோக்காரர்கள். அதே ஆய்வில் கோழியைக் கழுவாதவர்களிலும் 31 சதவீதம் பேரின் சாலடில் கிருமி இருந்தது. கழுவாமல் விட்டவர்களும் கையைச் சரியாகக் கழுவவில்லை. நான் அதிகம் யோசித்தது இந்த 31-ஐப் பற்றித்தான்.

அம்மா சொல்வதற்கும் நியாயம் இருக்கிறது. அந்த அறிவுரை, ஆலையிலேயே சுத்தம் செய்து பொட்டலம் கட்டி, குளிரில் வைத்து விற்கும் கறிக்காகச் சொன்னது. நம் கடையில் கோழியை டிரம்மில் போட்டு, இறகு பிடுங்கும் மெஷினில் சுற்றி, பல கோழி முங்கி எழுந்த ஒரே வாளித் தண்ணீரில் முக்கித் தருகிறார்கள். இறகுக் குருத்தும் எலும்புச் சில்லும் போக அலசத்தான் வேண்டும்.

ஆனால் அலசும் விதத்தை மாற்றுங்கள். முதலில் சிங்க்கைச் சுற்றியிருக்கும் பாத்திரங்களை எடுத்துவிடுங்கள். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து, குழாயை மூடிவிட்டு, கறியை மெதுவாக உள்ளே இறக்கிக் கையால் அளாவி, வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். தண்ணீரைச் சாய்த்து, தெறிக்காமல், ஓட்டைக்குப் பக்கத்தில் ஊற்றுங்கள். அப்புறம் சிங்க்கைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கொதிநீர் ஊற்றுங்கள். கையைச் சோப்புப் போட்டு 20 விநாடி கழுவுங்கள். கறிக் கையோடு திருகிய குழாய்ப் பிடியையும் சேர்த்து.

9 ஜூன்

மஞ்சளும் கல்லுப்பும் போட்டுப் பிசைந்தால் கிருமி சாகாதா என்று கேட்டிருக்கிறார்கள். வினிகர், எலுமிச்சை பற்றியும் கேள்வி. கவிச்சி வாடை குறையும், வழவழப்புப் போகும், ருசிக்கும் நல்லது. நானும் மஞ்சள் போடுகிறேன். ஆனால் கிருமியைக் கொல்லும் வேலையை அதை நம்பி விட முடியாது. அது சூட்டின் வேலை.

11 ஜூன்

31 சதவீதத்தை நம் வீட்டுக்குப் பொருத்திப் பார்க்கிறேன். நம் வீட்டில் சாலடுக் கீரை ஏது? பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் தயிர்வெங்காயம் இருக்கிறது. ஞாயிறு சமையலில் வேகாமல் இலைக்கு வருவது அதுதான். அப்புறம் மேலே தூவும் கொத்தமல்லி, புதினா, ஓரத்தில் வைக்கும் எலுமிச்சைத் துண்டு. வெங்காயத்தை எதில் நறுக்குகிறோம்? கறியைத் துண்டு போட்ட அதே அரிவாள்மனையில், ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி விரலால் வழித்துவிட்டு.

எங்கள் வீட்டில் இரண்டாவது அரிவாள்மனை வாங்கலாம் என்று ஆரம்பித்தேன். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு வீட்டுக்கு எத்தன அரிவாள்மண? வெங்காயத்த முதல்ல அரிஞ்சு மூடி வெச்சிரு, கறிய கடைசில அரி. எதுக்கு இன்னொண்ணு?" என்றார். சரியாகத்தான் சொன்னார். வேகாதது முதலில், பச்சைக் கறி கடைசியில். காசு செலவில்லை, அடுப்படியில் இடமும் அடைக்காது. கறி முடிந்ததும் அரிவாள்மனையைப் பலகையோடு சேர்த்துச் சோப்புப் போட்டுத் தேய்த்து, கொதிநீர் விட்டு வெயிலில் சாய்த்து வைக்கிறோம்.

கைத்துணியை மறந்துவிட்டேன். கறி அரிந்த கையைத் துடைத்து, அதிலேயே மேடையைத் துடைத்து, சாப்பாட்டுத் தட்டையும் துடைக்கும் அந்த ஈரத்துணி. கறி சமைக்கும் நாளில் அதற்குத் தனித்துணி வையுங்கள். முடிந்ததும் கொதிநீரில் போடுங்கள்.

15 ஜூன், ஞாயிறு

இன்று கடைக்குப் போய்வந்த சூட்டில் எழுதுகிறேன்.

கறிக் கடையில் நாம் கடைக்காரரைத்தான் குறை சொல்கிறோம். இன்று வரிசையில் நின்று வாங்க வந்தவர்களைக் கவனித்தேன். தொங்கும் தொடையை வருகிறவர் எல்லாரும் விரலால் அமுக்கிப் பார்க்கிறார்கள். பைக் பிடியையும் ரூபாய் நோட்டையும் போனையும் தொட்ட விரல். இளசா முற்றலா என்று தெரிந்துகொள்ளத் தொட வேண்டியதில்லை. கொழுப்பின் நிறத்தையும் எலும்பின் வெட்டையும் பார்த்தாலே தெரியும். இளம் ஆட்டின் கொழுப்பு வெள்ளையாக இருக்கும், எலும்பு உள்ளே சிவப்பு ஓடியிருக்கும். கேட்டால் கடைக்காரரே திருப்பிக் காட்டுவார்.

கடைக்காரர் பக்கம் நான் பார்ப்பது ஒன்றிரண்டுதான். காசு வாங்கும் கையும் கறி வெட்டும் கையும் ஒன்றா என்று பார்ப்பேன். ஒன்றாக இருந்தால், "அண்ணா, கையக் கழுவிட்டு வெட்டுங்க" என்று சொல்லிவிடுவேன். முதலில் முகம் சுளித்தார். இப்போது என்னைப் பார்த்ததும் குவளையைத் தேடுகிறார், "டீச்சரம்மா வந்துட்டாங்க, எல்லாரும் கையக் காட்டுங்க" என்று மற்றவர்களையும் சிரிக்க வைக்கிறார். நான் டீச்சர் இல்லை. இருந்தாலும் அந்தப் பேர் எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொன்று கட்டை. மாமனார் வைத்திருந்தது புளியங்கட்டை. கடை அடைக்கும்போது கத்தியால் மேலே சுரண்டி, கல்லுப்பை அழுத்தித் தேய்த்து, சாக்குப் போட்டு மூடுவார். சுரண்டுவதும் உப்பும் நல்லது, ஈரத்தை இழுக்கும். ஆனால் பள்ளம் விழுந்த கட்டையில் பழைய கறிச்சாறு தங்கிவிடும். அதற்குக் கொதிநீரும் வெயிலும் வேண்டும். ஈரச்சாக்குப் போட்டு மூடுவது ஆகாது. பிளந்து பள்ளமான கட்டையை மாற்றித்தான் ஆக வேண்டும்.

நகராட்சிப் பகுதியில் ஆடு அறுப்பது அங்கீகாரம் பெற்ற கூடத்தில்தான் நடக்க வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. உரித்த உடலில் முத்திரை இருக்கிறதா என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ல் வந்தது, 2011 ஆகஸ்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கறிக் கடைக்கும் பதிவு வேண்டும், அந்த எண் 14 இலக்கம். பால் பாக்கெட்டில் தேதி பார்க்கும் நாம், கறிக் கடையில் சுவரில் அந்தத் தாள் தொங்குகிறதா என்று ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

நெடுஞ்சாலை ஓரத்துக் கடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. கிருஷ்ணகிரியைச் சுற்றி லாரி ஓயாத ரோடு. ரோட்டோரம் மறைப்பில்லாமல் தொங்கும் கறியை நான் வாங்குவதில்லை.

16 ஜூன்

நேற்று எழுதியதை ஒட்டி இரண்டு.

பொட்டலத்தில் தேங்கும் சிவப்புத் தண்ணீர் ரத்தம் என்று பயப்படுகிறார்கள். அறுத்தபோதே ரத்தம் பெரும்பாலும் வடிந்துவிடும். இது தசையிலிருந்து கசியும் தண்ணீர், மயோகுளோபின் என்ற புரதம் அதைச் சிவப்பாக்குகிறது. பயப்பட வேண்டியது நிறத்துக்காக அல்ல, அது காய்கறிப் பையில் ஒழுகுவதற்காக. கறிக்குத் தனிப் பாத்திரம் எடுத்துப் போங்கள். மூடியுள்ள எவர்சில்வர் தூக்கு போதும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. கறுப்புக் கவர் இன்னும் ஓயவில்லை. மஞ்சப்பையில் கறியை நேராகப் போடாதீர்கள். துணி ஊறிவிடும், பிறகு அதிலேயே தக்காளி வாங்குவோம். செய்தித்தாளில் மடிப்பதும் வேண்டாம், அச்சு மை கறியில் இறங்கும். இலையில் மடித்துத் தந்த காலத்தில் அந்தத் தொல்லை இல்லை.

வாங்கியதும் நேராக வீட்டுக்கு வாருங்கள். கறியை வண்டியில் மாட்டிவிட்டு டீக்கடை, சலூன், தெரிந்தவர் வீடு என்று சுற்றுகிறார்கள். வெளியில் வைத்த கறிக்கு 2 மணி நேரம் என்பது பொதுக்கணக்கு. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். தருமபுரி சித்திரை வெயிலில் காலை பத்து மணிக்கே அந்தக் கணக்கு ஆரம்பித்துவிடும்.

22 ஜூன், ஞாயிறு

இத்தனை நாளாக வேகும் முன் நடப்பதைப் பேசினோம். எனக்கு அதைவிடக் கவலை வெந்த பின் நடப்பதில்.

நம் ஆட்கள் கறியை வேகவைப்பதில் குறை வைப்பதே இல்லை. குக்கரில் விசில் விடுகிறோம், சட்டியில் எலும்பிலிருந்து கழன்று வரும்வரை கொதிக்க விடுகிறோம். அதனால் நம் வயிற்றைக் கெடுப்பது பெரும்பாலும் வேகாத கறி இல்லை. வேகும் முன் கறி தொட்டதும், வெந்தபின் கறி கிடந்ததும்தான்.

பென்னாகரம் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டில் முனியப்பனுக்குக் கெடா வெட்டு. மத்தியானம் பந்தி. பெரிய அண்டா நிறையக் கறிக்குழம்பு, நல்ல ருசி. மிஞ்சியதை அண்டாவோடு மூடி வைத்துவிட்டார்கள். மறுநாள் காலை களி கிண்டி, குழம்பை லேசாகச் சூடு காட்டி ஊற்றினார்கள். கேழ்வரகுக் களிக்கு நேற்றைய கறிக்குழம்பு என்றால் எங்கள் பக்கத்தில் யார் வேண்டாம் என்பார்கள்? அன்று சாயங்காலத்துக்கு மேல் ஒவ்வொருவராக வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினார்கள். முறுக்கி முறுக்கி வலி, பேதி. காய்ச்சல் இல்லை, வாந்தியும் அனேகமாக யாருக்கும் இல்லை. அடுத்த நாள் தானாக அடங்கியது.

ஆடு நோய்பட்டது, சந்தையில் ஏமாற்றிவிட்டார்கள் என்று பேசினார்கள். எனக்கு அது பொருந்தவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அன்றே ஊர் திரும்பிய யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதே ஆடு, அதே குழம்பு. இடையில் நடந்தது ஒரு ராத்திரி.

குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற கிருமி இருக்கிறது. அதன் வித்துகள் கொதிக்கும் குழம்பிலும் சாகாமல் கிடக்கும். குழம்பு மெல்ல ஆறும்போது, காற்றுப் புகாத அண்டாவின் அடியில், அவை முளைத்துப் பெருகும். 43 முதல் 47 டிகிரி வரை அவற்றுக்கு மிகவும் பிடித்த சூடு. அண்டா நிறையக் குழம்பு அந்தச் சூட்டில் மணிக்கணக்காக இருக்கும். சாப்பிட்ட 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வயிற்றுவலியும் பேதியும். அன்று நான் பார்த்தது அச்சு அசலாக அதுதான். ஆய்வுக்கூடத்தில் யாரும் பார்க்கவில்லை, ஆனால் நேரமும் அறிகுறியும் யார் யாருக்கு வந்தது என்பதும் இதோடு ஒத்துப்போகின்றன.

இப்போது எங்கள் வீட்டு விசேஷத்தில் பந்தி முடிந்ததும் முதல் வேலை, அண்டாவைக் காலி செய்வது. அகலமான, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஊற்றுகிறோம். கீழே குளிர்ந்த தண்ணீர்த் தாம்பாளம் வைத்துக் கிளறினால் சீக்கிரம் ஆறும். 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். ஃபிரிட்ஜில் இடமில்லாத அளவு மிஞ்சினால் அன்றே சுற்றுவட்டாரத்துக்குக் கொடுத்துவிடுவது உத்தமம். சூடாக இருப்பதை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது என்று ராத்திரி முழுக்க வெளியே ஆறவிடுகிறார்களே, அதுதான் ஆபத்து. கொதிக்கக் கொதிக்க வைக்க வேண்டாம், ஆவி அடங்கியதும் சின்னப் பாத்திரத்தில் வைக்கலாம்.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் உணவை நிறுத்தி வைக்காதே என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குக் கீழே வை, இல்லை அதற்கு மேலே வை. சத்துணவுப் பயிற்சியில் கேட்ட எல்லாவற்றிலும் என் மனதில் நின்றது இதுதான்.

23 ஜூன்

"மறுபடி தளதளவெனக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடுமே?"

பாதி சரி. நேற்று சொன்ன கிருமிக்கு அது பொருந்தும். பெருகி நிற்கும் கிருமி நல்ல கொதியில் செத்துவிடும். லேசாகச் சூடு காட்டியதுதான் அன்று வினையானது. ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் என்று ஒன்று, நம் மூக்கிலும் தோலிலும், வெட்டுக்காயத்திலும் கொப்புளத்திலும் இருப்பது. அது குழம்பில் விழுந்து பெருகி ஒரு நஞ்சை உண்டாக்கிவிட்டால், கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நஞ்சு போகாது. பழைய சோற்றிலும் பிரியாணியிலும் வளரும் பேசில்லஸ் சீரியஸ் கதையும் இதேதான், வாந்தி எடுக்க வைக்கும் அதன் நஞ்சு சூட்டுக்கு அசையாது. ராத்திரி முழுக்க வெளியில் கிடந்த பிரியாணியை ஆவி பறக்கச் சூடு செய்தாலும் நான் பிள்ளைகளுக்குக் கொடுக்க மாட்டேன்.

கையில் வெட்டுக்காயம் உள்ளவர் விசேஷ வீட்டுச் சமையலில் கையுறையில்லாமல் கறி பிரிக்கக் கூடாது.

23 ஜூன், ராத்திரி

"என் பாட்டி மீன்குழம்பை மூன்று நாள் வைத்துச் சாப்பிட்டாரே, ஃபிரிட்ஜா இருந்தது?" ஊத்தங்கரைக்காரர் கேட்டிருக்கிறார். கோபமாகவே கேட்டிருக்கிறார், ஆனால் நல்ல கேள்வி.

பாட்டி செய்தது அறிவான காரியம். மீன்குழம்பில் புளி தூக்கலாக இருக்கும், உப்பும் உறைப்பும் அதிகம். புளிப்பு ஏறிய இடத்தில் பெரும்பாலான கிருமிகள் வளரத் திணறும். காலையும் மாலையும் சுண்டக் கொதிக்க வைத்திருப்பார். கரண்டியை உள்ளேயே விட்டு வைக்க மாட்டார், ஈரக்கை பட விடமாட்டார். உப்புக்கண்டமும் அப்படித்தான், உப்பும் வெயிலும் தண்ணீரை உறிஞ்சிவிட்ட பிறகு கிருமிக்கு அங்கே பிழைப்பில்லை.

நாம் செய்வது வேறு. தேங்காய் அரைத்து ஊற்றிய, புளி சேராத ஆட்டுக்கறிக் குழம்பை அண்டாவில் மூடிவிட்டு, பாட்டி சாப்பிடவில்லையா என்கிறோம். பாட்டியின் குழம்பை வைத்துக்கொண்டு பாட்டியின் பேரைச் சொன்னால் ஒத்துக்கொள்வேன்.

2 ஜூலை

ஊசி போட்டு வளர்க்கும் பிராய்லர் கோழி பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். ஹார்மோன் ஊசியால் வளர்வது இல்லை அது. பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த இனம், கணக்குப் பார்த்துப் போடும் தீவனம். அந்த வளர்ச்சிக்குக் காரணம் இவை. உண்மையான கவலை ஆன்டிபயாடிக். மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கொலிஸ்டின் மருந்தைக் கோழிப் பண்ணைகளில் பயன்படுத்தி வந்தார்கள். 2019 ஜூலையில் மத்திய அரசு உணவுக்கான விலங்குகளில் அதைத் தடை செய்தது. மருந்துக்கு அசையாத கிருமி கறியோடு அடுப்படிக்கு வந்தால், அதுவும் நல்ல கொதியில் சாகும். அதுவும் கையோடும் அரிவாள்மனையோடும் பரவும். திரும்பவும் 11 ஜூன் குறிப்புக்குத்தான் வருகிறோம்.

நாட்டுக்கோழிக்கு இதெல்லாம் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். மஞ்சள் தடவித் தீயில் வாட்டினால் இறகுக் குருத்து கருகும், தோல் மணக்கும். உள்ளே குடல் எடுக்கும்போது கிழிந்தால் எல்லாக் கோழியும் ஒன்றுதான். குப்பை கிளறித் தின்னும் கோழிக்கும் குடலில் சால்மோனெல்லா இருக்கும்.

6 ஜூலை, ஞாயிறு

நாய்களைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். இதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

ஆட்டின் ஈரலிலோ நுரையீரலிலோ சில நேரம் தண்ணீர் நிரம்பிய வெள்ளைக் கட்டி இருக்கும். கடைக்காரர் அதை வெட்டி எடுத்துக் கடை வாசலில் காத்திருக்கும் நாய்க்கு எறிவார். அது ஒரு நாடாப்புழுவின் இளம்பருவமாக இருக்கலாம். நாய் தின்றால் அதன் குடலில் புழு வளர்ந்து, முட்டைகள் அதன் மலத்தோடு வெளியே வரும். அந்த முட்டை புல்லில் ஒட்டி ஆட்டுக்குப் போகும். நாயைத் தடவிய கையிலோ கழுவாத கீரையிலோ ஒட்டி நமக்கும் வரும். மனிதரின் ஈரலிலும் நுரையீரலிலும் அதே கட்டி வருடக்கணக்கில் வளர்ந்து அறுவை சிகிச்சையில் போய் நிற்கும். அந்தக் கட்டி இருந்த ஈரலைத் தின்றால் நமக்கு வராது. நாய் வழியாகத்தான் வரும். அதனால் கட்டியைப் புதைக்க வேண்டும், அல்லது எரிக்க வேண்டும். குழி ஆழமாக இருக்கட்டும், நாய் தோண்டிவிடும்.

மாமனாருக்கு இந்த விஷயம் தெரியாது. ஆனால் கட்டி வந்த ஈரலை விற்கவே மாட்டார், கடைக்குப் பின்னால் குழியில் போடுவார். "பாத்தாலே மனசுக்கு ஒப்பல" என்பார்.

செத்த ஆட்டின் கறி பற்றியும் சொல்லிவிடுகிறேன். தானாக, திடீரென்று செத்த ஆட்டையோ மாட்டையோ கூறுபோட்டு மலிவாகக் கொடுப்பது கிராமத்தில் இன்னும் நடக்கிறது. அது அடைப்பான் நோயாக இருந்தால் உரித்தவருக்கே கையில் கறுத்த புண் வரும். அதன் வித்துகள் கொதிநீருக்கும் லேசில் சாகாது, மண்ணில் பல வருடம் கிடக்கும். மூக்கிலும் வாயிலும் கறுப்பாக ரத்தம் கசிந்து செத்திருந்தால் அறுக்கவே அறுக்காதீர்கள், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையிலோ குந்தாரப்பள்ளி வெள்ளிச் சந்தையிலோ ஆடு வாங்குகிறவர்கள், நின்று அசைபோடும் ஆடாகப் பார்த்து வாங்குகிறார்கள். அந்தப் பழக்கத்தில் பெரிய பாதுகாப்பு இருக்கிறது.

20 ஜூலை

ஷவர்மா சாப்பிடலாமா என்று கேட்ட ஓசூர்த் தம்பிக்கு. நான் சொன்ன "நம் ஆட்கள் நன்றாக வேகவைப்பார்கள்" என்பது அங்கே செல்லாது. கம்பியில் குத்திய கறியின் வெளிப்புறம் மட்டும்தான் தீயில் படுகிறது, கூட்டம் வந்தால் வேகாத உள்பக்கத்தையும் சேர்த்துச் சீவிவிடுகிறார்கள். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுப் பெண்குழந்தை இறந்துபோனது. பக்கத்து ஊர்க் குழந்தை, மறக்க முடியவில்லை. ஷவர்மாவில் தடவும் மயோனைஸைப் பச்சை முட்டையில் அடிப்பதற்குத் தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 8 முதல் ஒரு வருடத் தடை விதித்தார்கள். கடையில் கேளுங்கள், தம்பி. சீவிய கறியைத் தோசைக்கல்லில் இன்னொரு முறை நன்றாக வாட்டித் தரச் சொல்லுங்கள். தரமாட்டேன் என்றால் அந்தக் கடை வேண்டாம்.

3 ஆகஸ்ட், ஆடிப்பெருக்கு

ஒகேனக்கல் போகிறவர்களுக்கு அவசரமாக.

மீன் வாங்கிக் கொடுத்தால் அங்கேயே குழம்பும் வறுவலும் செய்து தரும் அக்காமார்கள் இருக்கிறார்கள். அவர்கள் கைப்பக்குவத்துக்கு ஈடில்லை. செவுள் சிவப்பாக, கண் துருத்திக்கொண்டு, அமுக்கினால் சதை எழும்பி வரும் மீனாக நீங்களே பார்த்து வாங்கிக் கொடுங்கள். கண்ணாடிப் பெட்டியில் மசாலா தடவி அடுக்கி வைத்த துண்டுகளில் கண்ணைப் பறிக்கும் சிவப்பு இருந்தால் அது மிளகாய்த்தூளால் வராமல் சாயப்பொடியால் வந்த நிறமாக இருக்கலாம். எண்ணெய் கறுத்திருந்தால் வாங்காதீர்கள். மீன் கழுவிய தட்டிலேயே வறுத்ததை எடுத்து வைத்தால், "அக்கா, வேற தட்டு" என்று சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கிருஷ்ணகிரி பக்கத்துக் கே.ஆர்.பி. அணை மீனுக்கும் இதேதான்.

போர் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாமா என்று கேட்டவருக்கு: கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு உப்பு போகாது, ஆவியாக ஆக இன்னும் அடர்த்தியாகும். தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்துக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் வந்ததே அந்த ஃபுளோரைடுக்காகத்தான். குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீர், கறி அலசவும் பாத்திரம் தேய்க்கவும் போர் தண்ணீர் என்று எங்கள் வீட்டில் பிரித்து வைத்திருக்கிறோம்.

5 ஆகஸ்ட்

ஆடிப்பெருக்குக்குப் போய்வந்த ஒரு குடும்பத்தில் வயிற்றுப்போக்கு என்று செய்தி போட்டிருக்கிறார்கள். 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய 6 சிறுகரண்டி சர்க்கரை, அரைச் சிறுகரண்டி உப்பு. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், சிறுநீர் குறைவது, குழந்தை சோர்ந்து படுப்பது, இதில் எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. கர்ப்பிணிகளும் வயதானவர்களும் காத்திருக்கவே வேண்டாம்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

முதல் கேள்வி கேட்ட ஓசூர் வாசகர் திரும்பி வந்திருக்கிறார். அம்மா பாத்திரத்தில் அலசச் சம்மதித்துவிட்டாராம், குழாய் மூடியிருக்கிறதாம். ரொம்பச் சந்தோஷம். இப்போது புதுக் கேள்வி: மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணியிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இருக்காது, ஃபிரீசரில் கறி இருக்கிறது, என்ன செய்வது?

திறக்காமல் வைத்தால் நிறைந்த ஃபிரீசர் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். ஃபிரீசருக்குக் கீழே இருக்கும் ஃபிரிட்ஜ் பகுதி 4 மணி நேரம்தான். அதனால் ஃபிரீசரில் இருக்கும் கறிக்கு ஒன்றும் ஆகாது, கதவை மட்டும் திறக்காதீர்கள். கீழே இருக்கும் பச்சைக் கறியையும் நேற்றைய குழம்பையும் காலையில் கரண்ட் போகும் முன்பே எடுத்துச் சமைத்துவிடுங்கள், அல்லது கொதிக்க வைத்து அன்று மத்தியானமே முடித்துவிடுங்கள். ஃபிரீசரில் வைத்ததால் கிருமி செத்துவிடாது, தூங்கிக்கொண்டிருக்கும். எடுத்து மேடையில் வைத்து ஐஸ் விடவைக்காதீர்கள். முதல்நாள் ராத்திரியே கீழ்த்தட்டில், ஒழுகாத பாத்திரத்தில், பாலுக்கும் மாவுக்கும் கீழே வையுங்கள். அவசரம் என்றால் இறுகக் கட்டிய பையோடு குளிர்ந்த தண்ணீரில் போட்டு, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள்.

பச்சைக் கோழியைக் கீழ்த்தட்டில் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். ஞாயிறு வாங்கியதைச் செவ்வாய்க்குள் சமைத்துவிடுங்கள், இல்லையென்றால் வாங்கிய அன்றே ஃபிரீசருக்கு.